ஒரே பொட்டலத்தில் போன இரண்டு வேட்டிகள்

விதி தெளிவாகத்தான் இருந்தது. கொலை வழக்கில் இரத்தக்கறை படிந்த துணிகளைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது ஒவ்வொன்றையும் நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஒன்று மற்றொன்றின்மேல் படாமல் தனித்தனியே காகிதத்தில் சுற்ற வேண்டும். எண் எழுதிய சீட்டு கட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். இவ்வளவும் பொறுப்பு எழுத்தர் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்விக்க வேண்டும். முடிவில், எல்லாம் என் முன்னிலையில் முறைப்படி நடந்தது என்று அவர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் கடைசிக் காரியத்தை மட்டும் நான் பிழையில்லாமல் செய்தேன்.

அப்போது செஞ்சியில் சப்-மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் நான் எழுத்தர். வழக்குப் பொருள்கள் இருக்கும் அறையின் சாவி என்னிடம். யுத்த காலம். காகிதத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று வாரம் ஒரு சுற்றறிக்கை வரும். சுற்றறிக்கை மட்டும் முழுத் தாளில் வரும். நான் காலேஜ் படித்தவன், விதிப்புத்தகத்தைப் பக்க எண்ணோடு சொல்லக்கூடியவன். மாஜிஸ்டிரேட்டே சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வழக்கு தொண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. நடுவயது விவசாயி ஒருவரைக் கிணற்றடியில் யாரோ கழுத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். முதலில் பார்த்ததாகச் சொல்லிக் கிராம முன்சீபிடம் ஓடியவர் செத்தவரின் மைத்துனர். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையைப் பற்றிப் பக்கத்து நிலத்துக்காரனோடு செத்தவருக்குச் சண்டை இருந்தது என்று சொன்னவரும் அவரே. பக்கத்து நிலத்துக்காரன் முப்பது வயதுக்குள் இருப்பான். கத்தோலிக்கக் குடும்பம். வயதான தகப்பன், மனைவி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை இரண்டு காணி. போலீஸ் போனபோது அவன் வீட்டுக் கொடியில் இரத்தம் தோய்ந்த வேட்டி ஒன்று தொங்கியது. அவன் வைக்கோல் போரிலிருந்து ஒரு கொடுவாளும் கிடைத்தது. அதைக் காட்டிக்கொடுத்தவரும் மைத்துனர்தான். எல்லாக் காரியத்திலும் அவர் அவ்வளவு உதவியாக இருந்தார்.

வேட்டியில் இருப்பது ஆட்டு இரத்தம் என்றான் அவன். கோயில் திருநாளுக்கு முதல் நாள் வீட்டில் ஆடு அறுத்தார்களாம். அவனைக் கூட்டிவந்த ஏட்டு, எங்கள் மேசைப் பக்கம் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்:

"இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஏழு வருசம் ஆகுது. எந்தக் கொலகாரன் வேட்டியிலும் மனுச ரத்தமே கெடையாது, எல்லாம் ஆட்டு ரத்தம்தான். அவனவன் சொன்ன கணக்குப்படி பாத்தா செஞ்சி தாலூக்காவுல ஒரு ஆட்டுக்குட்டிகூட மிச்சம் இருக்கக் கூடாது."

நான் சிரித்தேன். மாஜிஸ்டிரேட் மட்டும், இதைத்தானே பரிசோதனை சொல்லப்போகிறது, அனுப்புங்கள் என்றார். துணிகள் சென்னைக்குப் போகும். கறை இரத்தம்தானா என்று அங்கே பார்ப்பார்கள். பிறகு கறை பட்ட துணித் துண்டுகள் கல்கத்தா போகும். அது மனித இரத்தமா மிருக இரத்தமா என்று அங்கே சொல்வார்கள். அவன் சொன்னது மெய்யென்றால் அவனைக் காப்பாற்றக்கூடியது அந்த வேட்டி ஒன்றுதான்.

பொருள்கள் மூன்று. ஒன்று, செத்தவர் உடுத்தியிருந்த வேட்டி. இரண்டு, கொடுவாள். மூன்று, இவன் வேட்டி. கார்த்திகை மழை நான்கு நாளாக விடவில்லை. எதிரே மலைமேல் ராஜகிரிக்கோட்டை இருக்கும் இடமே தெரியவில்லை. கிணற்றடிச் சேற்றில் கிடந்த செத்தவர் வேட்டி ஈரம் ஆறாமலே வந்திருந்தது. இவன் வேட்டியும் கொடியில் சாரல் பட்டு நனைந்திருந்தது. அறை முழுக்க ஒரு வாடை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செத்தவர் உடுத்திய துணியைத் தொட்டால் எங்கள் வீட்டு வழக்கப்படி தலைமுழுகாமல் சோறு கிடையாது. தொட்டவன் பக்கத்தில் நின்றாலும் தீட்டுதான் என்பது என் தகப்பனார் கட்சி. விதிப்புத்தகத்தில் தீட்டுக்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மணி பன்னிரண்டு. சாப்பாட்டுத் தூக்கு மேசையடியில் இருந்தது. மழையில் வீட்டுக்குப் போய்க் குளித்துத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே நான் அறைக்குள் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, பாதி முகத்தைத் தாழ்வாரத்துப் பக்கம் திருப்பி நின்றேன். உள்ளே தரையில் உட்கார்ந்து கட்டியவர் எங்கள் பியூன். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்குத் தீட்டு இருக்குமா என்று நானோ வேறு யாருமோ கேட்டதில்லை.

"சாமி, இது ரெண்டும் ஈரமா இருக்குதே. காயப் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"இந்த மழையில எங்கே போடுவே? தபால் நேரம் ஆச்சு, கட்டு."

"ரெண்டையும் ஒண்ணாவா?"

"காகிதம் ஒரு தாள்தானே கொடுத்திருக்கு?"

"ஒண்ணுதான் இருக்குது."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவர் இரண்டு வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துச் சுற்றினார். கொடுவாளுக்குக் காகிதம் மிஞ்சவில்லை. வைக்கோலைச் சுற்றிக் கோணியில் தைத்தார். அரக்கை உருக்கி எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து பொட்டலத்தை நீட்டினார். முத்திரையை மட்டும் எட்டி வைத்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு, மூன்று பொருள்களும் உலர்த்தித் தனித்தனியே என் முன்னிலையில் கட்டப்பட்டன என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் சாப்பிட்டேன். அன்றைக்கு மோர்க்குழம்பு என்பதுகூட நினைவிருக்கிறது.

அவன் செஞ்சி சப்-ஜெயிலில் இருந்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோர்ட்டுக்குக் கூட்டிவந்து காவலை நீட்டிப்பார்கள். அந்த நாளில் அவன் மனைவி ஊரிலிருந்து நடந்தே வருவாள். புருஷனைத் தூரத்தில் நின்று பார்ப்பாள். அவன் போன பிறகு என் மேசைக்கு எதிரே வந்து நிற்பாள்.

"ஐயா, மெட்ராஸ்லேர்ந்து ரிப்போட்டு வந்துடுச்சா?"

"வந்தா சொல்றோம். கல்கத்தா போயிட்டு வரணும்."

"அது எம்மாந்தூரம்?"

"ரொம்ப தூரம். அங்கே ஜப்பான்காரன் குண்டெல்லாம் போடறான்."

"நம்ம வேட்டி போயிருக்கிற இடத்துலயா?" என்றாள். "மாமா படுத்த படுக்கையா இருக்காரு ஐயா. ஒரே புள்ள. வெளிய கதவு சத்தம் கேட்டா, வந்துட்டானான்றாரு. நான் இன்னா சொல்றது?"

மாமா என்றது அவள் மாமனாரை. நான் என்ன சொல்வது? விசாரணை நிலுவையில் இருக்கும்போது எழுத்தர் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது எனக்கு வசதியாக இருந்தது.

தை மாதக் கடைசியில் முடிவு வந்தது. முதல் பொருளில் மனித இரத்தம். மூன்றாம் பொருளிலும் மனித இரத்தம். கொடுவாளில் ஒன்றும் இல்லை. கழுவியிருப்பான் என்றது போலீஸ். ஏட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "ஆடு மனுசனாயிடுச்சு, பாத்தீங்களா?" என்றார். வழக்கைக் கடலூர் செஷன்ஸுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. அங்கே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்குக் கயிற்றுக்கு அந்த ஒரு வரி போதும்.

அந்தத் தாளைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, ஈர வேட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிபட்டது என் கண்முன் வந்தது. வராதது போல எழுதி முடித்தேன்.

அந்த வாரம் வாய்தா இல்லை. ஆனாலும் அவள் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அது எப்பிடிங்க ஐயா? ஆட்டு தலைய புடிச்சுகினு இருந்தது நானு. அறுத்தது அவரு. ரத்தம் பீச்சி அடிச்சுது, வேட்டியெல்லாம் ஆயிடுச்சு. நான் கண்ணால பாத்தத மிசினு எப்பிடி இல்லேன்னு சொல்லும்?"

"சாஸ்திரப் பரிசோதனைம்மா அது. பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க படிச்சவரு. இன்னொரு தபா பாருங்கன்னு ஒரு கடுதாசி எழுதக்கூடாதா?"

பரிசோதகர் முடிவின்மேல் எழுத்தர் கடிதம் எழுத விதியில் இடமில்லை என்றேன். உண்மைதான். ஆனால் பொருள்களைக் கட்டியதில் தவறு நேர்ந்திருந்தால் அதை உடனே மாஜிஸ்டிரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. துணிகளைத் திருப்பி அனுப்ப மடித்தபோது பரிசோதகர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். முதல் பொருளிலும் மூன்றாம் பொருளிலும் கறைகளின் உருவம் ஒன்றுக்கொன்று பொருந்துவதுபோல் தெரிகிறது. இரண்டையும் ஒரே காகிதத்தில் கட்டினீர்களா? ஈரமாக இருந்தனவா? உடனே தெரிவிக்கவும். மூன்றே வாக்கியம். பதில் எழுத வேண்டியவன் நான், மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போடுவார். அவர் என்னைக் கேட்டார்:

"என்ன, சரியாத்தானே கட்டினீங்க?"

"சான்று ஃபைலில் இருக்கு சார்."

"அப்படியே எழுதுங்க."

எழுதினேன். பொருள்கள் உலர்த்தித் தனித்தனியே முறைப்படி கட்டப்பட்டன, சான்றின் நகல் இத்துடன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்த ஒரு கடிதத்தில் ஒரு மனிதனைத் தூக்குமேடைப் பக்கம் தள்ளினேன் என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு, வேலை போகாமல் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து உண்மையை எழுதினேன். மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. பரிசோதனைச் சாலையில் ஒரு பொட்டலம் வந்ததும் அதை எப்படிப் பதிய வேண்டும் என்பதை வேறொரு வழக்குக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பொட்டலம், உள்ளே எத்தனை பொருள், ஈரமா உலர்ந்ததா, எல்லாவற்றையும் பிரித்தவுடனே அவர்கள் எழுதிவைப்பார்கள் என்று அங்கே இருந்தது. அப்படியென்றால் கேள்வி அனுப்பிய பரிசோதகருக்கு விடை முன்பே தெரியும். எங்கள் கையெழுத்தில் வாங்கத்தான் கேட்டிருக்கிறார். என் பொய் அவர் மேசையில், அவர்கள் பதிவேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. பிடிபட்டால் வேலை போகும். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் என் நேர்மை.

அதையும் முழுதாகச் செய்யவில்லை. இரண்டு துணிகளும் ஈரத்தோடு ஒரே காகிதத்தில் கட்டப்பட்டது இப்போது தெரியவருகிறது, இது பியூனின் அறியாமையால் நேர்ந்தது என்று எழுதினேன். கூடவே பியூனின் வாக்குமூலம் என்று ஒரு தாளும் நானே எழுதினேன். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்துக்கொண்டே கேட்டார்:

"இதுல இன்னா எழுதியிருக்குது சாமி?"

"நடந்ததுதான்."

"அந்தப் புள்ளைக்கு நல்லது ஆவுமா?"

"ஆகும்."

"அப்ப எங்க வெக்கணும் சொல்லுங்க," என்று கையை நீட்டினார்.

மாஜிஸ்டிரேட் இரண்டு தாளையும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே உள்ளே போய் நில்லுங்க," என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் பியூனுக்கு வேறு தாலூக்காவுக்கு மாற்றல் வந்தது. பதிவில் ஒரு கண்டனமும். என் பதிவில் ஒன்றும் இல்லை. அந்தச் சுத்தமான பதிவோடு நான் சிரஸ்தார் என்னும் தலைமை எழுத்தர் பதவி வரை போனேன். வழக்குப் பொருள்களைக் கட்டும் முறையைப் பற்றிப் புதிய எழுத்தர்களுக்கு இரண்டு தடவை வகுப்பும் எடுத்தேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

சென்னையிலிருந்து வந்த பதில் என்ன சொன்னது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதகர் இரண்டு வேட்டிகளையும் பழைய மடிப்பிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் பொருளில் இருந்த பெரிய கறை, முதல் பொருளின் கறையை அச்சு எடுத்ததுபோல் ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது. முதலில் துண்டு வெட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பியது அந்த இடத்திலிருந்துதான். இந்த முறை மடிப்புக்கு உட்புறம், மற்ற வேட்டி படாத இடங்களிலிருந்து வெட்டி, அவசரம் என்று குறித்து அனுப்பினார். அத்தனையும் ஆட்டு இரத்தம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தேகம் வந்துவிட்ட மனிதர், கொடுவாளையும் மறுபடி எடுத்திருக்கிறார். மரக் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பிடி ஆடாமல் இருக்க உள்ளே இரும்பைச் சுற்றி ஒரு துணிக் கிழிசலை இறுக்கியிருந்தார்கள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மேலே எவ்வளவு கழுவினாலும் அந்தத் துணிக்குத் தண்ணீர் முழுதாகப் போகவில்லை. அதில் இருந்தது மனித இரத்தம். துணியின் ஓரத்தில் சிவப்புக் கரை இருக்கிறது, இதன் மீதி எங்கே என்று விசாரிக்கலாம் என்று கடைசி வரியில் குறித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்தார். செத்தவரின் மைத்துனர் வீட்டுப் பரண்மேல் சிவப்புக் கரைத் துண்டு ஒன்று கிடந்தது, ஒரு முனை கிழிந்து. இழைக்கு இழை சேர்ந்தது. கொடுவாளுக்குப் பிடி போட்டது அந்த மைத்துனருக்குத்தான் என்று அனந்தபுரத்துக் கொல்லர் சொன்னார். அக்காள் புருஷனின் நிலத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசை பிறகு செஷன்ஸில் வெளிவந்தது. அவருக்குத் தண்டனை ஆனது. இவனை மாஜிஸ்டிரேட் விடுவித்தார். தடயத்தை வைத்தே கொலையைக் கண்டுபிடித்த வழக்கு என்று வக்கீல்கள் ரொம்ப காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். செஞ்சிக் கோர்ட்டிலும் ஒழுங்காக வேலை நடக்கிறது என்று எனக்கே ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பேச்சில் வராதது ஒன்று. மார்ச் பதினைந்தாம் தேதி காலை அவள் கோர்ட் திறக்கும் முன்பே வந்து நின்றாள். தலையில் துணி போர்த்தியிருந்தாள்.

"மாமா நேத்து பூட்டாரு ஐயா. இன்னிக்கு அடக்கம். அவர ஒரு மணி நேரம் உடச் சொல்லுங்க. ரெண்டு போலீசு கூட வரட்டும். ஒரு புடி மண்ணு போட்டுட்டு வந்துடட்டும்."

"கொலை வழக்கும்மா. ஜாமீன்ல விட இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்ல."

"ஜாமீனு வாணாங்க. ஒரு மணி நேரம்."

"அதுக்கும் இல்ல."

விதி அதுதான். நான் தப்பாகச் சொல்லவில்லை.

"கடைசி மட்டும் கதவையே பாத்துகினு இருந்தாரு," என்றாள். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நான் தலையைக் குனிந்து பதிவேட்டில் எதையோ தேடினேன். அவள் போன பிறகுதான் நிமிர்ந்தேன்.

நான் உண்மையை எழுதிய கடிதத்துக்குப் பதில் வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. சென்னையில் யாரும் தாமதிக்கவில்லை. துணித் துண்டு கல்கத்தா போய்வர அவ்வளவு ஆகும். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால், அதே பதில் மார்ச் ஏழாம் தேதி என் மேசைக்கு வந்திருக்கும். மறுநாளே அவன் வீட்டுக்குப் போயிருப்பான். கிழவர் கண்ணை மூடும் முன் ஒரு வாரம் அவனோடு இருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் வேறு யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. விடுதலையான அன்று இரண்டு பேரும் என் மேசைக்கு வந்து கும்பிட்டார்கள். நான் எழுதிய கடிதத்தால்தான் காரியம் நடந்தது என்று பியூன்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தாராம். நானும் கை குவித்தேன்.

பதில் தபாலில் வந்தது, முத்திரை சரியாக இருந்தது, பெற்றுக்கொண்டேன் என்று பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நான் எழுதிய தேதி மார்ச் இருபத்தாறு.